‘உடைந்த பல்லுக்கு உடனடித் தீர்வு’ பெட்டிகள்: எந்த உடைசலுக்கு எது, எதைத் தொடவே கூடாது

மருந்துக்கடையிலும் இணையத்திலும் விற்கும் தற்காலிகப் பல் பழுதுபார்க்கும் பெட்டிகளின் அட்டையில் பெரும்பாலும் ஒரே படம்தான். முனை பெயர்ந்த முன்பல் ஒன்று, அதே பல் முழுசாக மின்னுவது இன்னொன்று. உள்ளே இருக்கும் பொருளுக்கும் அந்தப் படத்துக்கும் அதிகத் தொடர்பில்லை. பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது குழியை மூடும் வெள்ளைப் பசை. முன்பு வைத்த அடைப்பு கழன்று விழுந்த கடைவாய்ப் பல்லில் அது நன்றாகவே வேலை செய்யும். முன்பல் முனையில் ஒட்டினால் ஒருவேளை சாப்பாட்டுக்குக்கூடத் தாங்காது. விரிசல் விட்ட பல்லில் வைத்தால் இருக்கும் பிரச்சினையைப் பெரிதாக்கவும் கூடும்.

அதனால் எந்தப் பெட்டி நல்லது என்று பார்ப்பதற்கு முன், பல்லுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிய வேண்டும்.

முதலில் உடைசலைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன், பல்லைப் பஞ்சால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெயர்ந்த இடம் வெள்ளையாகவே இருந்து, நாக்கில் மட்டும் கூர்மையாக உறுத்தினால் உடைந்தது எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலடுக்குதான். குளிர்ந்த தண்ணீருக்குக் கூசாது. அவசரம் எதுவும் இல்லை. உடைந்த பரப்பின் நடுவே மஞ்சளாகத் தெரிந்து, குளிர்ந்த காற்றுப் பட்டாலே கூசினால், எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் அடுக்கு திறந்துவிட்டது. டென்டின் முழுக்க நுண்குழாய்கள். அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்தால் உள்ளே இருக்கும் நரம்பு துடிக்கும். கிருமிகள் போகவும் அதே வழிதான். ஓரிரு நாட்களுக்குள் மூடிவிடுவது நல்லது. மஞ்சளின் நடுவில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தாலோ, அங்கிருந்து ரத்தம் கசிந்தாலோ, பல்லின் மையத்தில் நரம்பும் ரத்தக்குழாய்களும் உள்ள பற்கூழ் திறந்திருக்கிறது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எந்தப் பெட்டியும் இதற்கு உதவாது.

விரிசல் விஷயம் வேறு. அது கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். கடிக்கும்போது எப்போதாவது ‘சுரீர்’ என்று ஒரு வலி, அதுவும் கடித்ததைவிடக் கடித்து விடும்போது அதிகம். குளிர்ந்தது பட்டால் கூச்சம். எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்லவும் முடியாது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் விரிசலைச் சந்தேகிக்கலாம். கீழ்க் கடைவாய்ப் பற்களிலும், பெரிய பழைய அடைப்பு உள்ள பற்களிலும், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களிடமும் இது அதிகம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காட்டன் பட்ஸ் ஒன்றை ஈரப்படுத்தி, சந்தேகப்படும் பல்லின் மெல்லும் பரப்பில் உள்ள ஒரு மேட்டின் மேல் வைத்து மெதுவாகக் கடித்து விடுங்கள். பிறகு அடுத்த மேடு, அதன் பிறகு பக்கத்துப் பல். ஒரே ஒரு மேட்டில் மட்டும், விடும்போது வலி வந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லலாம். கடினமான எதையும் கடித்துப் பார்க்காதீர்கள். சோதனையே பல்லைப் பிளந்துவிடும்.

செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பதும் பயன்படும். எனாமலில் மட்டும் ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரியவர்கள் பலரின் முன்பற்களில் உண்டு. வெளிச்சம் அவற்றைத் தாண்டிப் பல் முழுக்கப் பரவும். அவை அழகுப் பிரச்சினை மட்டுமே. ஒரு கோட்டில் வெளிச்சம் நின்று, அதற்கு அப்பால் பல் இருண்டு தெரிந்தால் அது டென்டினுக்குள் இறங்கிய விரிசலாக இருக்கலாம். ஆனால் டார்ச்சை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். பலமான வெளிச்சத்தில் ஒன்றுமில்லாத கோடுகூடப் பயங்கரமாகத் தெரியும்.

வலி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். குளிர்ந்த தண்ணீருக்குக் கூசி, சில நொடிகளில் அடங்கினால் பற்கூழ் பிழைக்க வாய்ப்பு அதிகம். அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, எதுவும் படாமல் ராத்திரியில் தானாக விண்விண் என்று தெறித்தாலோ பற்கூழ் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகம் வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமல் போவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இவற்றில் எது இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

1. குழாயில் வரும் வெள்ளைப் பசை

ஜிங்க் ஆக்சைடும் கால்சியம் சல்பேட்டும் கலந்த பசை இது. எச்சிலின் ஈரத்திலேயே இறுகும், எதையும் கலக்க வேண்டியதில்லை. பல் மருத்துவர்கள் ரூட் கேனால் அமர்வுகளுக்கு இடையே வைக்கும் தற்காலிக அடைப்பும் இதே இனம்தான். இந்தப் பட்டியலில் முழு மனதோடு பரிந்துரைக்கக்கூடியது இது ஒன்றே. அதுவும் அடைப்பு விழுந்து, சுவர்கள் நாலும் நிற்கும் குழிக்கு மட்டும்.

இது பல்லோடு ஒட்டுவதில்லை என்பதைத்தான் அட்டையில் சொல்லாமல் விடுகிறார்கள். குழியின் சுவர்கள் பிடித்துக்கொள்வதால் மட்டுமே நிற்கிறது. கசியாமல் மூட ஏறக்குறைய 3.5 மில்லிமீட்டர் தடிமனும் வேண்டும். முனை பெயர்ந்த முன்பல்லில் பிடித்துக்கொள்ளச் சுவரும் இல்லை, ஆழமும் இல்லை. ‘வைத்தேன், விழுந்துவிட்டது’ என்று இந்தப் பசையைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

வைக்கும் முறை: பல் துலக்கி, பல் இடுக்கில் நூல் ஓட்டி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். குழிக்குள் உணவுத் துணுக்கு மாட்டியிருந்தால், மூடிய பிறகு அது உள்ளேயே அழுகி வலியைக் கிளப்பும். பஞ்சால் ஒற்றி எடுங்கள், எலும்பாகக் காயவைக்கத் தேவையில்லை. லேசான ஈரம் இந்தப் பசைக்கு வேண்டும். குழியைவிடச் சற்றே குறைவான உருண்டை எடுத்து, நனைத்த காட்டன் பட்ஸால் முதலில் அடியிலும் மூலைகளிலும் அழுத்தி, பிறகு மேலே நிரப்புங்கள். மேலோடு மட்டும் அப்பினால் அடியில் காற்று தங்கி, முதல் கடியிலேயே உள்ளே அமுங்கிவிடும். பசை மெத்தென்று இருக்கும்போதே மெதுவாகக் கடித்து, தாடையை இடமும் வலமும் நகர்த்துங்கள். மிச்சம் தானாக வழிந்து வெளியே வரும். ஈறு ஓரத்தில் இருப்பதை ஈரப் பட்ஸால் வழித்துவிடுங்கள். பிறகு 2 மணி நேரமாவது அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. மேற்பரப்பு சீக்கிரம் இறுகிவிடும், உள்ளே இறுக நேரம் எடுக்கும்.

அதிகம் நடக்கும் தவறு, உயரமாக வைப்பது. வாயை மூடும்போது முதலில் அந்தப் பல்தான் இடிக்கிறது என்றால் பசை உயரம். அப்படியே விட்டால் பசையும் நொறுங்கும், பல்லைச் சுற்றியுள்ள நாரும் நசுங்கிக் கடிக்கும்போதெல்லாம் வலிக்கும். பசை மோசம் என்று நினைக்கத் தோன்றும், குற்றம் உயரத்தில்தான்.

இனி எச்சரிக்கை. இந்தப் பசை இறுகும்போது ஈரத்தை உறிஞ்சி விரியும். நல்ல பல்லில் அதுவே லாபம், விளிம்புகளை அடைத்துக்கொள்ளும். விரிசல் உள்ள பல்லில் அதே விரிவு, விறகில் ஆப்பு இறக்கியதுபோல் சுவர்களை வெளியே தள்ளும். காட்டன் பட்ஸ் சோதனையில் விடும்போது வலி வந்த பல்லில் இதை வைக்காதீர்கள். மேடு ஒன்று ஆடுகிற பல்லிலும் கூடாது.

குழாயைத் திறந்த பிறகு காற்றின் ஈரத்திலேயே பசை கெட்டியாகும். மூடியை உடனே இறுக்க வேண்டும். பிதுக்கும்போது உதிரியாக வந்தால் அது வேலைக்கு ஆகாது.

2. பொடியும் கிராம்பு எண்ணெயும்

ஜிங்க் ஆக்சைடு பொடியோடு, கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினாலைக் கலந்து வைக்கும் பழைய முறை. டென்டின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் யூஜினால் கூச்சத்தைத் தணிக்கும். ஆழமான குழியில் வலிக்கும்போது முதல் வகையைவிட இதுவே இதம்.

ஒரு சொட்டு எண்ணெயில் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். விரலில் ஒட்டாமல் உருட்ட வந்தால் பதம். தளர்வாக இருந்தால் இறுக நேரமாகும், வழிந்து ஈறையும் சுடும். திறந்த பற்கூழின் மேல் நேராகப் படக் கூடாது. பல்லுக்கு இதமாக இருக்கும் அதே யூஜினால், பற்கூழைத் தொட்டால் திசுவைக் கொல்லும். சிலருக்கு இது ஒவ்வாமையும் தரும்.

இன்னொரு சங்கடம் பிறகு வரும். பல்லில் தங்கிய யூஜினால், மருத்துவர் அடுத்து வைக்கப்போகும் ரெசின் (பல் நிற அடைப்புப் பொருள்) சரியாக இறுகாமல் தடுக்கும். எனவே என்ன வைத்தீர்கள் என்று போனவுடன் சொல்லிவிடுங்கள், பெட்டியையே கொண்டுபோனால் இன்னும் நல்லது. தெரிந்தால் அவர் பரப்பைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குவார். முன்பல்லுக்கு ரெசின் போட எண்ணியிருந்தால் இந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

3. வெந்நீரில் இளகும் மணிகள்

உடைந்த முன்பல்லை மறைக்க விற்கும் பிளாஸ்டிக் மணிகள். சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகும் பாலிகேப்ரோலாக்டோன் வகைப் பொருளே பெரும்பாலும் இருக்கும். வெள்ளை மணி கண்ணாடிபோல் தெளிந்தால் இளகிவிட்டது என்று பொருள். எடுத்தவுடன் வாயில் வைத்தால் உதடு பொத்துவிடும், சில நொடி ஆறவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஒரு மாலை நிகழ்ச்சிக்குச் சிரிக்க உதவும், அவ்வளவே. கூச்சத்தைக் குறைக்காது, ஏனென்றால் அடியில் இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். இதைப் போட்டுக்கொண்டு சாப்பிடவோ தூங்கவோ கூடாது, கழன்றால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். பல் இடுக்குகளில் ஆழமாக அழுத்திவிட்டால் இறுகிய பிறகு அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது ஏற்கெனவே விரிசல் விட்ட துண்டையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். முழுதாக இறுகும் முன் இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் இதற்குப் பரிகாரம்.

4. நீல விளக்கோடு வரும் ரெசின் பெட்டிகள்

இதை வாங்கவே வேண்டாம்.

மருத்துவர் பயன்படுத்தும் ரெசினில் ஒளியை வாங்கி இறுகவைக்கும் பொருள் பெரும்பாலும் கேம்ஃபர்குயினோன். அது 468 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும். நகப்பூச்சை இறுக்கும் வகை விளக்குகள் தருவது 365 முதல் 405 நானோமீட்டர் வரை. அவற்றால் இறுக்கினால் மேலே கெட்டியாகத் தெரிந்து, உள்ளே பச்சையாகவே இருக்கும். இறுகாத ரெசின் ஒவ்வாமையைக் கிளப்பும், ஒருமுறை வந்த ஒவ்வாமை சுலபத்தில் போகாது. சரியான விளக்கே கிடைத்தாலும், பல்லை அமிலத்தால் பதப்படுத்தாமல் ரெசின் நிற்காது. பதப்படுத்திய பரப்பில் எச்சில் ஒருதரம் பட்டால் போதும், புரதப் படலம் மூடிப் பிடிப்பு போய்விடும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒற்றைக் கையால், எச்சில் ஊறும் வாயில், ஈறைச் சுடக்கூடிய அமிலத்தை வைப்பது யாருக்கும் நல்லதல்ல. சூப்பர் க்ளூ போன்ற அவசரப் பசை போட்டு ஒட்டுவதும் இதே ரகம்தான், அது பற்கூழையும் எரிச்சலூட்டும்.

பெட்டி இல்லாமலே ஆகிற வேலை

எனாமல் மட்டும் பெயர்ந்து நாக்கைக் கிழிக்கிறதா? பல் கம்பி போட்டவர்களுக்கு விற்கும் மெழுகு போதும். இடத்தைத் துடைத்துவிட்டு, மிளகு அளவு மெழுகை விரலில் இளக்கி அழுத்திவிடுங்கள். டென்டின் கூசினால் பொட்டாசியம் நைட்ரேட்டோ ஸ்டானஸ் ஃபுளோரைடோ உள்ள பற்பசையை அந்த இடத்தில் தடவி விடலாம். வலி மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். ஈறில் ஒதுக்கிவைத்தால் ஆஸ்பிரின் அங்கே வெள்ளையாகப் புண்ணாக்கிவிடும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து மணிக்கணக்கில் வைப்பதிலும் அதே புண் வரும். உடைந்த முனையை நகம் தேய்க்கும் அரத்தால் நீங்களே ராவாதீர்கள். போன எனாமல் திரும்ப வளராது.

மருத்துவரிடம் போனால் என்ன எதிர்பார்க்கலாம்

முனை பெயர்ந்த முன்பல்லுக்கு உண்மையான பழுதுபார்ப்பு காம்போசிட் ரெசின்தான். அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கி ரெசினைப் பிடிக்கவைக்கலாம் என்பது 1955-இல் பூவோனகோர் வெளியிட்ட கண்டுபிடிப்பு. இன்றும் அடிப்படை அதுவே. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கவனிக்கலாம். நிறம் பொருத்திப் பார்ப்பது தொடக்கத்திலேயே நடக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த பல் வெளுத்துவிடும். கடைசியில் நிறம் பார்த்தால் மறுநாள் பல் ஒரு நிறம், ஒட்டு ஒரு நிறம். பிறகு பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமோ, குறைந்தபட்சம் நல்ல பஞ்சுத் தடுப்போ வைத்து எச்சிலை ஒதுக்குவார்கள். 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் 15 முதல் 30 நொடி, டென்டினில் 15 நொடிக்கு மிகாமல். கழுவி உலர்த்தியதும் எனாமல் உறைபனிபோல் வெளுத்துத் தெரியும். அடுத்து ரெசினைப் பல்லோடு பிடிக்கவைக்கும் பாண்டிங் திரவம், அதை இறுக்க ஒளி. அதன் பிறகு ரெசினை 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குவார்கள். மொத்தமாக அப்பி ஒரே தடவை ஒளி காட்டினால் அடி இறுகாது.

கடைசியில் வண்ணக் காகிதத்தைக் கடிக்கவைத்துப் பார்ப்பது முக்கியம். நேராகக் கடிப்பதோடு நிற்காமல், கீழ்த்தாடையை முன்னே தள்ளியும் பக்கவாட்டில் நகர்த்தியும் பார்க்க வேண்டும். முன்பல் ஒட்டு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் உடைகிறது என்றால் ரெசினைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னே தள்ளும்போது கீழ்ப் பல் அந்த முனையைத்தான் இடித்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டும் உறை இல்லாமல் ஒட்டு நீண்ட நாள் நிலைப்பது கடினம்.

விரிசலில் கதை மாறும். ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை’ என்றால் விரிசல் இல்லை என்று ஆகாது. கடைவாய்ப் பல்லில் விரிசல் பெரும்பாலும் முன்பின்னாக, படத்தளத்துக்கு இணையாக ஓடும், அதனால் படத்தில் விழாது. ஒவ்வொரு மேடாகக் கடிக்கவைத்துப் பார்ப்பவர், பழைய அடைப்பை எடுத்துச் சாயம் தடவிப் பார்ப்பவர், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுகோலை விட்டுச் சுற்றிலும் அளப்பவர் இருந்தால் அவரை நம்பலாம். அந்த அளவில் ஓர் இடத்தில் மட்டும் குறுகலாக, ஆழமாக இறங்கினால் விரிசல் வேருக்குள் போயிருக்க வாய்ப்புண்டு. அப்போது பல்லைக் காப்பாற்றுவது கடினம்.

விரிசலை ரெசினால் நிரப்பி அனுப்புவது பல நேரம் பாதி வேலை. கடிக்கும்போது இரு பக்கமும் விலகுவதுதான் வலிக்குக் காரணம். அந்த விலகலைத் தடுக்க மேடுகளை மூடிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் முதலில் உலோகப் பட்டையோ தற்காலிக கேப்போ மாட்டிச் சில வாரம் பார்ப்பார்கள். வலி அடங்கினால் ஆன்லே (மேடுகளை மட்டும் மூடும் பாதி உறை) அல்லது நிரந்தர கேப். அடங்காமல் தானாகத் தெறித்தால் ரூட் கேனால், அதற்கு மேல் கேப். பற்கூழ் நன்றாக இருப்பதாகக் கணித்துக் கேப் போட்ட விரிசல் பற்களிலும், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குச் சில மாதங்களில் ரூட் கேனால் தேவைப்பட்டதாக ஓர் ஆய்வு காட்டியது. முன்கூட்டியே இதைச் சொல்லிவிடும் மருத்துவர் உங்களை ஏமாற்றவில்லை. விரிசல் எலும்பைப்போல் கூடி ஒட்டாது, கேப் அதை அசையாமல் பிடித்து வைக்கிறது.

பெட்டியில் இல்லாத ஒரு பொருள்

மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றை இந்தப் பெட்டிகளில் வைக்கலாம், பெரும்பாலும் காணோம். பெயர்ந்த துண்டு கையில் கிடைத்தால் அதையே திரும்ப ஒட்ட முடியும். நிறமும் வடிவமும் எந்த ரெசினையும்விடப் பொருந்தும். காகிதத்தில் மடித்துக்கொண்டு போனால் துண்டு காய்ந்து சுண்ணாம்பாக வெளுத்துவிடும், ஒட்டும் பிடிப்பும் குறையும். பாலிலோ சலைன் திரவத்திலோ (மருத்துவ உப்புநீர்) போட்டு எடுத்துப்போங்கள்.

நிரந்தரப் பல் முழுதாகவே கழன்று விழுந்திருந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் சில நொடி மட்டும் அலசி, குழியில் திரும்பச் செருகி, துணியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். செருக முடியாவிட்டால் பாலில் போடுங்கள், தண்ணீரில் வேண்டாம், வேர்மேல் உள்ள செல்கள் தண்ணீரில் வெடித்துச் சாகும். அரை மணிக்குள் திரும்ப நட்டால் வாய்ப்பு நல்லது. காய்ந்தபடி ஒரு மணி நேரம் வெளியே கிடந்தால் அந்தச் செல்கள் பிழைப்பது அரிது. குழந்தைகளின் பால் பல் விழுந்தால் மட்டும் திரும்பச் செருகக் கூடாது, உள்ளே வளரும் நிரந்தரப் பல்லின் முளை அதில் அடிபடும்.